கடற்புல் தரையில் நீலப்புள்ளி போட்ட ஓடில்லா நத்தை: என்ன இனம்? (5 படங்கள்)

ஓதமணல்:
வணக்கம் நண்பர்களே. ஓதம் வற்றியிருந்த காலை நேரத்தில், முழங்கால் ஆழத் தண்ணீரில் எடுத்த படங்கள் இவை. இடம் இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலக் கரை. அடியில் சேறு கலந்த மணல், நடுநடுவே கடற்புல். புல்லின் மேலும் மணலின் மேலும் கருஞ்சிவப்பாக ஏதோ மயிர்ப்பாசி படர்ந்திருந்தது.

படம் 1, 2: பெரியது. உள்ளங்கை நீளம் இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். உடம்பெல்லாம் கிளைவிட்ட குஞ்சங்கள், இடையிடையே பளிச்சென்று நீலப்புள்ளிகள்.
படம் 3: அதன் குட்டிகள். ஒரு விரற்கணு அளவுதான். அந்தப் பாசிமேல் கும்பலாக இருந்தன. இவற்றுக்கும் நீலப்புள்ளி உண்டு.
படம் 4: பக்கத்தில் கிடந்த பச்சை நிற நூல் சிக்கல். முட்டையா?
படம் 5: பெரியது நகர்ந்த இடத்தில் தண்ணீர் ஊதாவாகிவிட்டது.

இது நுடிபிராங்க் (ஓடில்லாக் கடல் நத்தைகளில் ஒரு பிரிவு) வகையா? பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரைநண்டு:
கடல் அட்டை மாதிரி இருக்கிறதே? சேற்றில் அசையாமல் படுத்திருக்கிறது, உடம்பெல்லாம் முள் வேறு.

பாறைக்குளம்:
கடல் அட்டை இல்லை. அது நட்சத்திரமீன் குடும்பத்து ஆள். தலை என்று தனியாக ஒன்றும் தெரியாது, வாயைச் சுற்றி வளையமாக இழைகள் இருக்கும், பெரும்பாலானவற்றில் அடியில் வரிசையாகக் குழல்கால்கள் தெரியும். ஓதமணல் போட்டிருக்கும் படம் 2-ல் முன்பக்கத்தைப் பாருங்கள். வாயோரம் ஒரு ஜோடி, தலைமேல் ஒரு ஜோடி, ஆக நான்கு கொம்புகள். மேல் ஜோடி சுருட்டிய காது மாதிரி நிற்கிறது. அதுதான் உணர்கொம்பு, தண்ணீரில் வரும் வாசனையை அதை வைத்துத்தான் பிடிக்கும். ஆக, இது மெல்லுடலி.

நுடிபிராங்கும் இல்லை. டோரிட் வகை நுடிபிராங்காக இருந்தால் முதுகின் பின்பக்கம் பூ மாதிரி செவுள் வெளியே விரிந்திருக்கும். ஏயோலிட் வகையாக இருந்தால் முதுகு முழுக்க விரல் விரலாக நீட்டங்கள் இருக்கும், ஆனால் அவை கிளை விடாமல் நேராக இருக்கும். இங்கே செவுள் வெளியே இல்லை. முதுகின் இரண்டு பக்கமும் மடல் எழுந்து மேலே சேர்ந்திருக்கிறது, நடுவில் சின்னத் திறப்பு மட்டும். செவுள் அதற்குள்ளே இருக்கிறது. ஊதா மையையும் சேர்த்துப் பார்த்தால் இது கடல் முயல் (முயல் காது மாதிரி கொம்புள்ள கடல் நத்தை) கூட்டம் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இனம்: புர்சடெல்லா லீச்சி. குஞ்சமும் நீலக்கண் புள்ளியும் இந்தப் பருமனும் சேர்ந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

வெண்தட்டு:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது ஸ்டைலோகைலஸ் ஸ்ட்ரையேட்டஸ். ஜூம் செய்து பாருங்கள், உடம்பு நெடுக மெல்லிய கரும்பழுப்புக் கோடுகள் ஓடுகின்றன. புர்சடெல்லாவுக்கு இந்தக் கோடு கிடையாது.

பாறைக்குளம்:
எந்தக் கோடு? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். கருந்திட்டுகள் உண்டு, கோடு ஒன்றுகூட இல்லை. அப்புறம், உள்ளங்கை நீளத்தில் ஸ்டைலோகைலஸ் எங்கே இருக்கிறது? 6, 7 செ.மீ. வந்தாலே அது பெரிய ஆள்.

வெண்தட்டு:
உள்ளங்கை நீளமா? அந்தப் பாசிக்கொத்தின் இழைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 2 செ.மீ. தேறினால் அதிகம். வாலையும் கவனியுங்கள், நீண்டு மெலிந்து போகிறது.

கரைநண்டு:
இரண்டு பேரும் ஒரே விலங்கைப் பற்றித்தான் பேசுகிறீர்களா?

செவுள்மலர்:
கரைநண்டு கேட்டது சரியான கேள்வி. பாறைக்குளம் பார்ப்பது படம் 1, 2. வெண்தட்டு பார்ப்பது படம் 3. இரண்டும் வேறு வேறு விலங்குகள். அதனால் இரண்டு பேர் சொல்வதுமே சரி.

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி நீலப்புள்ளியோடு பெரியதும் சிறியதும் இருந்தால் தாயும் குட்டியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கடல் முயல்கள் குட்டிகளோடு திரிவதில்லை. முட்டையிலிருந்து வரும் இளவுயிரி முதலில் நீரோட்டத்தில் மிதந்து போய்விடும். பிறகு எங்கே தகுந்த பாசி கிடைக்கிறதோ அங்கே இறங்கி உருமாறும். சின்னது பெரியதன் பக்கத்திலேயே இருப்பதற்குக் காரணம் உறவு இல்லை, சாப்பாடு. அந்தக் கருஞ்சிவப்பு மயிர்ப்பாசி உண்மையில் பாசியே இல்லை, லிங்பியா போன்ற சயனோபாக்டீரியாவாக (ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்) இருக்க வேண்டும். ஸ்டைலோகைலஸுக்கு அதுதான் வீடும் சாப்பாடும். புர்சடெல்லாவும் சேற்றின் மேல் படியும் அதே வகைப் படலங்களை மேயும். ஒரே மேய்ச்சல் நிலத்தில் இரண்டும் சந்தித்திருக்கின்றன.

எதை எதை வைத்துப் பிரிப்பது என்றால், நான் முதலில் பார்ப்பது கோட்டைத்தான். ஸ்டைலோகைலஸ் ஸ்ட்ரையேட்டஸின் உடல் நெடுக, தலையிலிருந்து வால்வரை, பேனா முனையால் இழுத்தது போன்ற மெல்லிய கருங்கோடுகள் இருக்கும். நீலப்புள்ளிகள் இந்தக் கோடுகளுக்கு இடையில் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றையும் சுற்றி ஆரஞ்சு அல்லது பழுப்பு வளையம். புர்சடெல்லாவில் நீலம் அல்லது நீலப்பச்சைப் புள்ளி கருந்திட்டின் நடுவில் இருக்கும். கோடுகள் வரிசை வரிசையாக ஓடாது.

அடுத்தது வால். படம் 3-ல் உடல் நடுவில் உப்பி, பின்னால் நீண்டு கூராக முடிகிறது. படம் 1-ல் வால் என்று சொல்ல அதிகமில்லை, குட்டையாக, அகலமாக இருக்கிறது. குஞ்சங்கள் இரண்டிலுமே உண்டு, ஆனால் புர்சடெல்லாவில் அவை நீளமாகவும் நிறையக் கிளைகளோடும் இருக்கும்.

உடல் நிறத்தை நம்பவே வேண்டாம். புர்சடெல்லாவே பச்சை, பழுப்பு, சாம்பல் எல்லாவற்றிலும் வரும். நீலப்புள்ளி மங்கியிருப்பதும் உண்டு.

ஓதமணல், மறுபடி அங்கே போக முடிந்தால் சின்னவற்றை மட்டும் நெருக்கத்தில் எடுத்துப் போடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலை தெரிய ஒன்று. பக்கத்தில் அளவுகோல். தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் உணர்கொம்பு, மடல், குஞ்சம் எல்லாம் ஒடுங்கி வெறும் கொழகொழப்பான உருண்டைதான் மிஞ்சும், அதை வைத்துக் குடும்பத்தைக்கூடச் சொல்ல முடியாது.

பாறைக்குளம்:
படம் 3-ஐ இப்போதுதான் தனியாகத் திறந்தேன். சரி, கோடு நன்றாகவே தெரிகிறது. படம் 1, 2 புர்சடெல்லா என்பதில் மாற்றமில்லை.

வெண்தட்டு:
அதில் எனக்கும் தகராறு இல்லை. ஒரு சந்தேகம். என்னிடமுள்ள பழைய கையேட்டில் இதே கோடுபோட்ட விலங்கின் படத்துக்குக் கீழே ஸ்டைலோகைலஸ் லாங்கிகாடா என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா?

செவுள்மலர்:
இல்லை. பழைய புத்தகங்களில் இந்தக் குழப்பம் ரொம்பவே உண்டு. இரண்டுக்கும் பெயர் வைத்தவர்கள் குவாய், கைமார் என்ற பிரெஞ்சுக்காரர்கள்தான். லாங்கிகாடா 1825-ல், ஸ்ட்ரையேட்டஸ் 1832-ல். லாங்கிகாடா திறந்த கடலில் மிதக்கும் பாசியோடு வாழ்வது. மஞ்சள் கலந்த பழுப்பு அல்லது பச்சை நிறம், நீலப்புள்ளி உண்டு, நெடுங்கோடுகள் கிடையாது. கரையோரத்தில் கோடுகளோடு இருப்பது ஸ்ட்ரையேட்டஸ். நீண்ட காலம் இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவந்ததால் 1990-களுக்கு முந்தைய கையேடுகளில் படம் ஒன்றாகவும் பெயர் வேறாகவும் இருக்கும். உங்கள் கையேட்டில் படத்தை நம்புங்கள், பெயரை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. முன்பெல்லாம் உலகின் வெப்பக்கடல் முழுவதும் ஒரே ஸ்ட்ரையேட்டஸ்தான் என்று நினைத்திருந்தார்கள். 2020-ல் வெளியான மரபணு ஆய்வு அதை மூன்றாகப் பிரித்தது. அட்லாண்டிக்கில் இருப்பது ஸ்டைலோகைலஸ் பாலியோமா, கிழக்குப் பசிபிக்கில் இருப்பது ரிக்கெட்சி, இந்தோ-பசிபிக்கில் இருப்பதற்கு மட்டும் ஸ்ட்ரையேட்டஸ் என்ற பெயர் நிலைத்தது. எந்தக் கடல் என்று ஓதமணல் முதல் பதிவிலேயே எழுதியது அதனால் பெரிய உதவி. பாதிப் பேர் அதை எழுதாமல் 'இது என்ன?' என்று மட்டும் கேட்பார்கள், நாம் உட்கார்ந்து ஜோசியம் பார்க்க வேண்டியதுதான்.

மிதவை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீல வட்டம் என்றாலே விஷம் என்று படித்திருக்கிறேன். ஓதமணல் இதைக் கையால் தொட்டாரா? எங்கள் நாயும் ஓதம் வற்றினால் கரையில் எதையாவது கவ்விக்கொண்டு வரும்.

பாறைக்குளம்:
நீங்கள் படித்தது நீலவளைய ஆக்டோபஸ் பற்றியதாக இருக்கும். அதன் கடி ஆளைக் கொல்லும், அதில் இருப்பது டெட்ரோடாக்சின் என்ற நரம்பு நச்சு. அதுவும் கடல் முயலும் மெல்லுடலிகள் என்பதைத் தவிர வேறு சம்பந்தமில்லை. கடல் முயல் கடிக்காது, கொட்டாது. ஊதா மை கையில் பட்டால் கறை ஆகும், அவ்வளவுதான்.

செவுள்மலர்:
அது சரி. ஆனால் நாய் விஷயத்தில் மிதவை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2009-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து கடற்கரைகளில் நாய்கள் அடுத்தடுத்து செத்தன. தேடிப் பார்த்ததில் ப்ளூரோபிராங்கியா மேக்குலேட்டா என்ற சாம்பல் நிற ஓடில்லா நத்தையில் அதே டெட்ரோடாக்சின் இருந்தது தெரியவந்தது. இங்கே பேசும் இரண்டும் அந்த வகை இல்லை. இருந்தாலும் ஓடில்லாத மெல்லுடலி எதையும் நாய் தின்ன விடக்கூடாது. ஓட்டைத் துறந்த விலங்கு வேறு ஏதோ பாதுகாப்பு வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இவற்றின் பாதுகாப்பு பெரும்பாலும் சாப்பாட்டில் இருந்து வருவது. ஸ்டைலோகைலஸ் தான் தின்னும் லிங்பியாவின் நச்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. டொலபெல்லா ஆரிகுலாரியா என்ற இன்னொரு கடல் முயலில் இருந்து டொலாஸ்டாடின் 10 என்ற பொருளைப் பிரித்து 1987-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். பிறகு பார்த்தால் அதைத் தயாரிப்பதும் ஒரு சயனோபாக்டீரியாதான், முயல் அதைத் தின்று சேமிக்கிறது. அதன் வழிவந்த வேதிப்பொருளைச் சுமக்கும் புற்றுநோய் மருந்து 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏப்ளிசியா என்ற கடல் முயல் பேரினத்தின் ஊதா மைக்கும் மூலப்பொருள் அது தின்னும் சிவப்புப் பாசியின் நிறமிதான். பச்சைப் பாசியை மட்டும் கொடுத்து வளர்த்தால் ஊதா மை வராது.

ஓதமணலுக்கு ஒரு எச்சரிக்கை. கையை அந்த மயிர்ப்பாசிக்குள் விட்டு அளையாதீர்கள். லிங்பியா சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் கொண்டுவரும்.

தொட்டிக்காரர்:
ஸ்டைலோகைலஸ் என்றதும் வந்துவிட்டேன். தொட்டியில் சிவப்புச் சளி மாதிரி சயனோ படர்ந்தால் இவைதான் தின்னும் என்று சொல்கிறார்களே, ஓதமணல் நாலைந்து பிடித்து வைத்துக்கொள்ளலாமா?

பாறைக்குளம்:
வேண்டாம் அண்ணா. அது தின்பது ஒரு சில வகைகளைத்தான், தொட்டியில் வருவது அதே வகை என்று யார் சொன்னது? ஒருவேளை தின்றாலும், தின்று தீர்த்த பிறகு பட்டினி. பம்ப் உறிஞ்சி நசுக்கினாலோ மிரண்டு மை விட்டாலோ சின்னத் தொட்டியில் மீன்களுக்கும் ஆபத்து. எப்படியும் ஒரு வருடம்கூட வாழாத ஜீவன், இருக்கிற இடத்தில் முட்டையிட்டுவிட்டுப் போகட்டும்.

தொட்டிக்காரர்:
அதுவும் சரிதான்.

மிதவை:
இன்னொன்று கேட்டுவிடுகிறேன். போன வாரம் நானும் பாறைக்கு அடியில் ஒன்று பார்த்தேன். கறுப்பு உடல், ஆரஞ்சு ஓரம், காகிதத் தடிமன்தான். ஓரத்தை அலை அலையாக ஆட்டி நீந்தியது. முன்னால் இரண்டு கொம்பு. அதுவும் கடல் முயலா?

வெண்தட்டு:
அவ்வளவு மெல்லியது என்றால் தட்டைப்புழுவாகத்தான் இருக்கும், மெல்லுடலியே இல்லை. அந்தக் கொம்பு தனி உறுப்பா, இல்லை உடலின் முன்னோரமே மடிந்து எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். மடிப்பு என்றால் தட்டைப்புழு. செவுளும் இருக்காது. சில நுடிபிராங்குகளும் தட்டைப்புழுக்களும் ஒரே மாதிரி நிறம் போட்டுக்கொண்டு ஆளை ஏமாற்றும். படம் இருந்தால் தனி இழையில் போடுங்கள். பாறையைத் திருப்பியிருந்தால் இருந்தபடியே திருப்பி வைத்தீர்களா? அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் செத்துப்போகும்.

மிதவை:
வைத்துவிட்டேன். படம் தேடிப் போடுகிறேன்.

ஓதமணல்:
மறுபடி அதே இடத்துக்குப் போய்வந்தேன். பெரியவை இரண்டு மூன்றுதான் கண்ணில் பட்டன, சின்னவை ஏராளம். புதுப் படங்கள் 6 முதல் 10 வரை.

படம் 6 வெள்ளைத் தட்டில் கடல்தண்ணீர் விட்டு, நிழலில் வைத்து எடுத்தது. ஃபிளாஷ் போடவில்லை. அளவுகோல்படி நீட்டிய நிலையில் 24 மி.மீ. கோடுகளை இப்போது வெறும் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஒரே சீரான கோடு இல்லை, குஞ்சம் வரும் இடத்தில் சுற்றி வளைந்து மறுபடி சேர்கிறது. நீலப்புள்ளியைச் சுற்றி ஆரஞ்சு வளையம் இருக்கிறது, ஆனால் லென்ஸ் வைத்தால்தான் தெரிகிறது. ஊர்ந்து போகும்போது வால் மட்டும் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் போல.

படம் 9-ஐத்தான் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த அளவில் இருக்கும் ஒன்று பாசி இழையைச் சுற்றி முட்டை நூல் விட்டுக்கொண்டிருக்கிறது. தையல் நூல் தடிமன்தான், வெளிறிய நிறம். நூல் உடம்பின் வலது பக்கத்திலிருந்து வெளியே வருவது படத்தில் தெரியும்.

எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

பாறைக்குளம்:
முட்டையிடுகிறது என்றால் குட்டி என்ற பேச்சே முடிந்தது. 24 மி.மீ. அளவில் அது முழு வளர்ச்சி அடைந்த விலங்கு. அருமையான படம்.

வெண்தட்டு:
படம் 6-ல் வெளிச்சம் நன்றாக அமைந்திருக்கிறது. ஃபிளாஷ் போட்டிருந்தால் ஆரஞ்சு வளையம் வெளுத்துப் போயிருக்கும். அடுத்த முறை தட்டுக்குப் பதில் கறுப்புப் பின்னணி வைத்தும் ஒன்று எடுங்கள், குஞ்சத்தின் கிளைகள் அதில் நன்றாக விழும்.

கரைநண்டு:
முட்டையிடுகிறது, எனவே அது பெண். ஆண் எது?

செவுள்மலர்:
எல்லாமே இரண்டும்தான், கரைநண்டு. கடல் முயல் ஒவ்வொன்றுக்கும் ஆண் உறுப்பும் உண்டு, பெண் உறுப்பும் உண்டு. ஏப்ளிசியாவில் இணை சேரும்போது சில சமயம் வரிசையாகச் சங்கிலி கோத்துக்கொள்ளும். முதலில் இருப்பது பெண்ணாக மட்டும், கடைசியில் இருப்பது ஆணாக மட்டும், நடுவில் இருப்பவை ஒரே நேரத்தில் இரண்டுமாக. (இதே ஏப்ளிசியாவின் செவுள் சுருங்குவதை வைத்து நினைவாற்றலை ஆராய்ந்துதான் எரிக் கேண்டல் 2000-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நரம்பு செல்கள் மொத்தமே 20,000 அளவில்தான், அவையும் பெரியவை, அதனால் ஆராய்ச்சிக்குத் தோதான விலங்கு.)

புதுப் படங்களை வைத்துச் சொல்வதானால், 6 முதல் 10 வரை எல்லாமே ஸ்டைலோகைலஸ் ஸ்ட்ரையேட்டஸ். கோடு, வளையம், வால், முட்டையிடும் அளவு எல்லாம் ஒத்துப்போகின்றன. படம் 1, 2 புர்சடெல்லா லீச்சி, 1817-ல் பிளேன்வில் பெயர் வைத்தது. வெப்பக்கடல்களில் பரவலாக இருக்கிறது. 1940-ல் மத்தியதரைக் கடலின் கிழக்கோரத்தில் பதிவாகி, அங்கிருந்து மேற்கே பரவியது.

ஓதமணல்:
எல்லோருக்கும் நன்றி. படம் 4-ஐ யாரும் சொல்லவில்லையே? அந்தப் பச்சை நூல் படம் 9-ல் இருப்பதைவிட நல்ல தடிமன்.

செவுள்மலர்:
நூலாகச் சிக்கிக் கிடப்பதால் கடல் முயலின் முட்டை என்று சொல்லலாம். நுடிபிராங்க் என்றால் பெரும்பாலும் தட்டையான நாடாவைச் சுருள் சுருளாக ஒட்டி வைக்கும். தடிமனும் பச்சை நிறமும் புர்சடெல்லாவோடு பொருந்துகின்றன, விலங்கும் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அங்கே ஏப்ளிசியாவும் இருந்தால் அதன் முட்டையும் இப்படித்தான் கிடக்கும். விலங்கு நூல் விடும்போதே எடுத்த படம் என்றால் மட்டும் நான் இனப்பெயர் எழுதுவேன். படம் 9-க்கு எழுதலாம், படம் 4-க்கு 'கடல் முயல் முட்டை' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐநேச்சுரலிஸ்டில் (உயிரினப் படங்களைப் பதிவிடும் இணையதளம்) ஏற்றுவதாக இருந்தால் எல்லாப் படங்களையும் ஒரே பதிவில் போடாதீர்கள். ஒரு விலங்குக்கு ஒரு பதிவு.

ஓதமணல்:
பிரித்துவிட்டேன். 1, 2, 5 ஒரு பதிவு. 3 தனி. 4 தனி, நீங்கள் சொன்ன பெயரோடு. 6-லிருந்து 10 வரை ஒவ்வொன்றும் வேறு வேறு விலங்கு என்பதால் தனித்தனியாக. இடம், ஆழம், ஓத நேரம், அடித்தரை எல்லாம் குறிப்பில் எழுதியிருக்கிறேன். மயிர்ப்பாசியையும் ஒரு நெருக்கப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், சயனோபாக்டீரியா தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.